தேரியில் விழுந்த ட்ரோன்

“டீச்சர், என் வீட்டுக்காரிக்குப் பயம் போகணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

சுயம்புலிங்கம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

எஸ்தர் டீச்சர் ஒரு ட்ரோனைக் கவிழ்த்து வைத்து, பல் தேய்க்கும் பிரஷால் அதன் மோட்டாரில் ஏறியிருந்த உப்புத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கைவிட்ட உப்பளம் அது. மரம் இல்லை, மனிதர் இல்லை. வெள்ளை வெளேரென்று தரை, அதற்கு மேலே வானம். பறக்கவிடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மோதிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. அதற்காகத்தான் டீச்சர் அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

வாழைத்தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்தடிக்கப் பல பெண்களைப் பழக்கிவிட்டவர். நாற்பதைத் தொட்டிருக்கலாம். சுயம்புலிங்கம் அறுபதை எட்டப்போகிறவர். வயதில் தங்கை போல இருந்தாலும், கற்கப் போன இடத்தில் டீச்சர் டீச்சர்தான்.

“உங்களுக்குப் பயம் இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டார் டீச்சர்.

“என்னை விடுங்க. அவ பயத்துக்கு வழி சொல்லுங்க.”

டீச்சர் பிரஷைக் கீழே வைத்தார்.

“நடந்ததைச் சொல்லுங்க.”

சுயம்புலிங்கம் சொன்னார்.

அவருக்கு மோட்டார் பம்புக் கடை. மகன் மஸ்கட்டில். போன தடவை வந்தபோது அப்பாவுக்கு ஒரு கேமரா ட்ரோன் வாங்கி வந்தான். இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்த அளவுதான் இருக்கும். செல்போனில் பார்த்துப் பார்த்து அவரே ஓட்டப் பழகினார். மொட்டை மாடியில் விட்டார், குளக்கரையில் விட்டார். ‘இந்த வயசுல பட்டம் விடுதீரே வே’ என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்தார்கள். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

மணிவிழா நெருங்கியது. அழைப்பிதழில் போட ஒரு படம் வேண்டும் என்று மனைவி தங்கக்கனியைத் தேரிக்கு அழைத்துப் போனார். தேரி என்றால் செக்கச் செவேரென்று மணல் மேடு மேடாகக் கிடக்கிற காடு. கனி பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். சிவப்பு மணலில் பச்சைச் சேலை எடுப்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

“அவ மேட்டு உச்சியில நிக்கா. நான் அவளுக்குப் பின்னால, கீழ நிக்கேன். ட்ரோனை அவ தலைக்கு மேல அனுப்பி, அந்தப் பக்கம் கொண்டுபோயி, அவ முகத்தைப் பாக்கத் திருப்புனேன்.”

“அப்படின்னா அது உங்களையும் பாத்துக்கிட்டுதான் நிக்கு.”

“ஆமா.”

“பிறகு?”

“காத்து தள்ளிச்சு. அவளைப் பாத்து நகர்ந்து வந்துச்சு. தூரமாப் போகட்டும்னு ரிமோட்டுல உள்ள குச்சிய முன்னால தள்ளுனேன்.”

டீச்சர் தம் பெருவிரலால் காற்றில் ஒரு குச்சியைத் தள்ளிப் பார்த்தார்.

“நான் தள்ளத் தள்ள அது கிட்ட வருது டீச்சர். நான் போ, போன்னு தள்ளுதேன். அது வா, வான்னு கூப்பிட்ட மாதிரி வருது.”

மூக்கை நம் பக்கம் வைத்து நிற்கிற ட்ரோனுக்கு முன்பக்கம் என்பது நாம் நிற்கிற பக்கம். குச்சியை முன்னால் தள்ளினால் அது தன் மூக்குக்கு நேராகப் போகும். அதாவது நம் மேலேயே வரும். பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு மரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

சுயம்புலிங்கம் தப்புச் செய்தபோது நடுவில் கனி நின்றாள்.

“புருவத்துக்கு மேல தையல். கையை வச்சு மறைச்சதுல கையிலயும் வெட்டு. கண்ணு தப்பிச்சது அந்தச் சுயம்புலிங்கசாமி புண்ணியம்.”

“மைனி நகரலையா?” அண்ணாச்சி மனைவி என்பதால் கனி டீச்சருக்கு மைனி.

“எங்க நகர? பயத்துல உறைஞ்சு போயி நின்னுட்டா. ரெண்டு எட்டு வச்சிருந்தாத் தப்பிச்சிருப்பா.”

“வர்றதப் பாத்தாங்களா?”

“பாத்துக்கிட்டேதான் நின்னா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார்.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் சொன்னார். இந்த முறை அது யாருக்கோ நடந்த கதை போல வந்தது. ஒரு சொல் முன்னே பின்னே ஆகவில்லை.

“இப்ப வீட்டுல எப்படி?”

“ஃபேன் போட விட மாட்டேங்கா. இந்தச் சித்திரை வெயில்ல, மத்தியானம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு விசிறிமட்டையோட கெடக்கோம். மிக்சி ஓடக்கூடாது. பனை ஓலையில காத்தடிச்சாக்கூட உள்ள போயிருதா. கோயம்புத்தூர்ல மக இருக்கா. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேங்கா.”

“போயிட்டு வரட்டுமே.”



“போனா வர மாட்டா டீச்சர். குங்குமச் சிமிழைக்கூட எடுத்துப் பையில வச்சுட்டா.”

டீச்சர் ட்ரோனை நிமிர்த்தி வைத்தார்.

“நாளைக்குக் காலையில வாங்க. உங்க ட்ரோனைக் கொண்டுவர வேண்டாம்.”

*

மறுநாள் டீச்சர் அவரை உப்பளத்தின் கரையில் நிறுத்தினார்.

“நான்தான் ட்ரோன். கண்ணை மூடிக்கிட்டு உங்களைப் பாத்து நடந்து வருவேன். இடம், வலம், முன்னால, பின்னால. நீங்க சொல்லுத பக்கம் திரும்புவேன்.”

நடுவில் ஒரு குழி இருந்தது. பழைய உப்புத்தண்ணி தேங்கிப் பச்சை பாய்ந்த குழி. இடுப்பளவு ஆழம் இருக்கலாம்.

“டீச்சர், குழி இருக்கு.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க.”

டீச்சர் தூரப் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முன்னால என்றார், வந்தார். நில்லுங்க என்றார், நின்றார். குழி நெருங்கியது. தன் வலது கைப்பக்கம் ஒதுங்கினால் டீச்சர் தப்பித்துவிடுவார் என்று சுயம்புலிங்கத்துக்குப் பட்டது.

“வலம்!”

டீச்சர் தன் வலப்பக்கம் திரும்பினார். குழியை நோக்கித் திரும்பினார்.

“வலம், வலம் டீச்சர்!”

இன்னும் வலம் போனார்.

“ஐயோ, வலம்னேன்லா!”

தொபுக்கென்று ஒரு சத்தம்.

சுயம்புலிங்கம் ஓடிப் போய்க் கை நீட்டுவதற்குள் டீச்சரே கரையேறி வந்துவிட்டார். முந்தானையைப் பிழிந்தார்.

“அண்ணாச்சி, நான் தப்பான பக்கம் போறதப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்த பிறகும் அதையேதான் சொன்னீங்க.”

“பதட்டத்துல...”

“பதட்டம் வந்தா மனுசன் புதுசா ஒண்ணும் சொல்ல மாட்டான். முதல்ல சொன்னதையே இன்னும் சத்தமாச் சொல்லுவான்.”

சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி தூரப் போய் நின்று கண்ணை மூடினார்.

“இன்னொரு தடவை.”

அன்று டீச்சர் எத்தனை முறை குழியில் விழுந்தார் என்பதைச் சொன்னால் சுயம்புலிங்கத்துக்கு மரியாதை இராது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் டீச்சர் ஒன்றைச் செய்து காட்டினார். வாயால் எதுவும் சொல்லவில்லை. தன் ட்ரோனைப் பறக்கவிட்டு, மூக்கைத் தம்மை நோக்கித் திருப்பி, தம் மேலேயே வரவிட்டார். அது ஊளையிட்டுக்கொண்டு வந்தது. சுயம்புலிங்கம் இரண்டு எட்டு பின்வாங்கினார்.

டீச்சர் ரிமோட்டைப் பிடித்தபடியே, வருகிற ட்ரோனுக்குத் தம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தோளுக்கு மேல் தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தார்.

இப்போது ட்ரோன் பார்க்கிற திசையிலேயே டீச்சரும் நின்றார். அதன் வலமும் அவர் வலமும் ஒன்று. குச்சியை வலப்பக்கம் ஓர் அசைப்பு அசைத்தார். அது அவர் காதோரமாக விலகிப் போயிற்று.

“இவ்வளவுதானா?” என்றார் சுயம்புலிங்கம்.

“எது?”

“பயத்துக்கு வழி.”

“இது ட்ரோனுக்கு வழி,” என்றார் டீச்சர்.

சுயம்புலிங்கத்தின் காதில் அது ஏறவில்லை. அன்றிலிருந்து தினமும் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு உப்பளத்துக்கு வந்தார். முதல் நாள் ட்ரோன் முகம் காட்டி வந்தபோது ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்காரவில்லை. பிறகு முதுகைத் திருப்பினார். கடைசியில் முதுகைத் திருப்பாமலே கை தானாகச் சரியான பக்கம் போனது.

ட்ரோனைத் தன் மேல் வரவிட்டு, ஒரு முழத் தூரத்தில் நிறுத்திக் காட்டினார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது.

டீச்சர் தலையசைத்தார்.

*

வீட்டில் கனி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் அடியில் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

“கனி, கத்துக்கிட்டேன். இனிமே அப்படி நடக்காது.”

“நல்லதுங்க.”

“நெசமாத்தான் சொல்லுதேன். என் மேலயே வரவிட்டு நிறுத்திட்டேன். டீச்சரே சரின்னுட்டாங்க.”

“சரிங்க.”

அவள் ஒரு ரவிக்கையை எடுத்து நான்காக மடித்தாள். தையல் பிரித்த இடம் புருவத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் அவளுக்குச் சரியாக வியர்ப்பதில்லை என்று அவர் கவனித்திருந்தார். இதையெல்லாம் யாரிடம் சொல்வது.

அவர் தொண்டையைச் செருமினார்.

கனியின் தோள் தூக்கிப்போட்டது. கையிலிருந்த ரவிக்கை விழுந்தது. சட்டென்று கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மேலே ஃபேன் நின்றுகொண்டிருந்தது. மிக்சி ஓடவில்லை. வெளியே காற்றும் இல்லை.

சுயம்புலிங்கம் அடுத்த செருமலை விழுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

*

“டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் கத்துக்கிட்டேன். அவ பயம் போகல.”

“நான் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலையே.”

“கூடிப்போச்சு டீச்சர். இப்ப சும்மா இருக்கும்போதே பயப்படுதா.”

“அன்னைக்கு எடுத்த படம் இருக்கா?”

இருந்தது. ட்ரோன் உடைந்தாலும் அதற்குள் இருந்த படம் உடையவில்லை. அதைச் செல்போனில் வைத்திருந்தார். யாரும் இல்லாதபோது பார்ப்பார். எங்கே தப்பு, எந்த நொடியில் தப்பு என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

போனை டீச்சரிடம் கொடுத்தார்.

சிவப்பு மணல். உச்சியில் பச்சைச் சேலை. காற்றில் முந்தானை பறக்கிறது. கனி கூச்சத்தோடு சிரிக்கிறாள். படம் மெல்ல அவளை நெருங்குகிறது. சிரிப்பு நிற்கிறது. அவள் வலது காலைத் தூக்குகிறாள். திரும்பிப் பின்னால் பார்க்கிறாள். தூக்கிய காலை அதே இடத்தில் வைக்கிறாள். மறுபடி முன்னால் திரும்புகிறாள். முகம் பெரிதாகிறது. கண் பெரிதாகிறது. கை வருகிறது.

பிறகு வானம், மணல், வானம்.

டீச்சர் படத்தைப் பின்னுக்கு இழுத்து, கால் தூக்கிய இடத்தில் நிறுத்தினார்.

“இங்க யாரைத் திரும்பிப் பாக்காங்க?”

“என்னைத்தான்.”

“தூக்குன காலைத் திருப்பி வைக்காங்களே.”

“கால் வரல டீச்சர். மரத்துப் போயிருக்கும். அதான் சொன்னேன்லா, உறைஞ்சு போயிட்டா.”

டீச்சர் படத்தை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை பார்க்கவில்லை. போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார்.



“டீச்சர், அதுல சத்தம் வராது. ட்ரோன் கேமராவுல சத்தம் பதியாது.”

“தெரியும்.”

காதிலிருந்து எடுக்கவில்லை. படம் முடியும் வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கு மைனியைக் கூட்டிட்டு வாங்க,” என்றார்.

*

“பறக்கவிட மாட்டாங்கள்லா?” என்று கேட்டாள் கனி.

“விட மாட்டாங்க.”

“நீங்க சொல்லாதீங்க. டீச்சரைச் சொல்லச் சொல்லுங்க.”

அவர் போன் போட்டுக் கொடுத்தார். டீச்சர் சொன்னார். அதன் பிறகுதான் செருப்பைப் போட்டாள். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டாள்.

உப்பளத்தில் டீச்சர் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். பழையது உடைந்ததும் சுயம்புலிங்கம் புதிதாக வாங்கியிருந்த ட்ரோனை டீச்சர் எடுத்து அவள் மடியில் வைத்தார். கனி ஒரு பாம்பை வைத்த மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

டீச்சர் அதன் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். நான்கையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இது இல்லாம அது பறக்காது மைனி. நீங்களே வச்சிருங்க.”

கனி பஞ்சை எடுத்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“நீங்களே வச்சிருங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“உங்க இஷ்டம்.”

“கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்னா?”

“அண்ணாச்சி வெறும் ட்ரோனைக் கையில தூக்கிட்டு ஓடி விளையாடட்டும்.”

கனியின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. இறக்கைகளைக் கைக்குட்டையில் சுற்றி, பர்சுக்குள் வைத்து, பர்சை இடுப்பில் செருகினாள்.

“டீச்சர், இது என்ன வேலை?” என்றார் சுயம்புலிங்கம். “நான் பழக வேண்டாமா? கை மறந்துரும்லா.”

“மறக்கட்டும்.”

இறக்கை இல்லாத ட்ரோன் வீட்டு அலமாரியில் உட்கார்ந்தது. இறக்கைகள் கனியிடம் இருந்தன. குளிக்கப் போகும்போதுகூடப் பர்சைக் கொண்டுபோனாள்.

சுயம்புலிங்கம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாளோ என்று இருந்தது. வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே செருப்பைத் தேய்த்துச் சத்தம் கொடுக்கப் பழகினார். செருமல் வந்தால் கிணற்றடிக்குப் போனார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடந்தார்.

ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தபோது, கனி அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓர் இறக்கையின் நடு ஓட்டையில் ஈர்க்குச்சியைச் செருகி, விரலால் சுண்டிச் சுழலவிட்டுக்கொண்டிருந்தாள். அது சுழன்று ஓய்ந்தது. மறுபடி சுண்டினாள். ஓயும்வரை பார்த்தாள். மறுபடி சுண்டினாள்.

அவர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

மகள் வருவதற்கு முந்தின நாள் காலை, கனி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“டீச்சர்கிட்ட போயிட்டு வருவோமா?”

“எதுக்கு?”

“அந்தப் பொம்பளை நம்பிக் குடுத்த பொருளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனா பெறகு யாருக்குப் பதில் சொல்ல. குடுத்துருதேன்.”

சுயம்புலிங்கம் அலமாரியிலிருந்து ட்ரோனையும் எடுத்துக்கொண்டார். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவள் திரும்பி வருவாளா.

*

கனி கைக்குட்டையை நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

“நீங்களே மாட்டுங்க மைனி.”

“எனக்கு என்ன தெரியும்?”

“கழற்றுனதப் பாத்தீங்கள்லா. அதுக்கு எதிர்ப்பக்கமாத் திருகுங்க.”

அவள் உப்புத்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மாட்டினாள். ஒன்று சரியாக உட்காரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினாள். சுயம்புலிங்கம் குனிந்து கை நீட்டினார். டீச்சர் அவரைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் ரிமோட்டை அவளிடம் கொடுத்தார்.

“இந்தக் குச்சி ஏத்தும், இறக்கும். இது முன்னால போகும், பின்னால வரும். விரலை எடுத்துட்டா அந்தரத்துல அப்படியே நிக்கும்.”

“விழாதா?”

“விழாது.”

கனி பஞ்சை எடுத்துக் காதில் அடைத்தாள். குச்சியை மேலே தள்ளினாள். இறக்கைகள் சுழன்றன. அந்த ஊளை எழுந்ததும் அவள் கண் இறுக மூடிக்கொண்டது. ட்ரோன் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்துவிட்டது.

“போதுமா மைனி?”

கனி மறுபடி குச்சியைத் தள்ளினாள். இரண்டாவது முறை கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். ட்ரோன் ஆள் உயரத்துக்கு எழுந்தது. விரலை எடுத்தாள். நின்றது. மறுபடி தள்ளினாள், எடுத்தாள். நின்றது. பிறகு அதையே வெகு நேரம் செய்துகொண்டிருந்தாள். வெயில் ஏறியது. எப்போதோ ஒரு பக்கத்துப் பஞ்சு கீழே விழுந்திருந்தது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

“அண்ணாச்சி,” என்றார் டீச்சர், “அந்தக் கரையில போயி நில்லுங்க.”

“எதுக்கு?”

“மைனி நின்ன மாதிரி நீங்க நில்லுங்க.”

சுயம்புலிங்கம் சிரிக்கப் பார்த்தார். “டீச்சர், அவ இன்னைக்குத்தான் ரிமோட்டையே தொடுதா.”

“அன்னைக்கு நீங்க எத்தனை நாள் ஓட்டியிருந்தீங்க?”

அவர் போனார்.

“பயமா இருந்தா ஓடிருங்க,” என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னார்.

“நான் எதுக்கு ஓட? ஒரு முழத்துல நிறுத்துனவன் நான்.”

கரையில் ஏறி நின்றார். தூரத்தில் கனி சின்னதாகத் தெரிந்தாள். முகம் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ட்ரோன் மேலே எழுந்தது. மூக்கு அவர் பக்கம். அதில் ஒற்றைக் கண் போலக் கேமரா.

முதலில் அது நகர்கிற மாதிரியே இல்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. ஊளை காதில் விழுவதற்கு முன்பே நெஞ்செலும்பில் அதிர்ந்தது.

ரிமோட் கையில் இருந்தபோது இந்தச் சத்தம் இவ்வளவு இல்லை.

விரலை எடுத்தால் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எடுப்பாளா? அவள் முகம் இன்னும் தெரியவில்லை. அவள் தன்னைப் பார்க்கிறாளா, திரையைப் பார்க்கிறாளா? கை நடுங்கினால்? பதறிப் போய்க் குச்சியை இன்னும் தள்ளிவிட்டால்? புருவத்துக்கு மேல், தையலே போடாத இடத்தில், அவருக்கு வலித்தது.

அந்த ஒற்றைக் கண் பெரிதாகியது.

அவர் ஓடினார்.

கரையிலிருந்து குதித்து, வேட்டி தடுக்கி, பச்சைத் தண்ணிக் குழியில் இடுப்பளவு விழுந்து, எழுந்து, இன்னும் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

ட்ரோன் அந்தரத்தில் அசையாமல் நின்றது. அவர் நின்ற இடத்துக்குப் பாதித் தூரம்கூட அது வந்திருக்கவில்லை.

உப்பும் சேறுமாக நடந்து வந்தார். கனி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஏன் ஓடினீங்க அண்ணாச்சி?” என்றார் டீச்சர்.

“கிட்ட வந்துட்டுல்லா.”

“பாதித் தூரத்துல நிக்கு.”

“எனக்கு அப்படித் தெரியல டீச்சர்.” அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “மனசு நினைக்குமுன்ன கால் ஓடிட்டு.”

“கால் மரத்துப் போகலையா?”

“இல்ல.”

“உறைஞ்சு போகலையா?”

“இல்ல டீச்சர். பயந்தா யாரும் ஓடத்தானே செய்வாங்க?”

டீச்சர் கனியின் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஏன் மைனி ஓடல?”

கனி ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியை மெல்லக் கீழே இழுத்தாள். அது இறங்கியது. இறக்கைகள் ஓய்ந்தன. உப்பளத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

“ஓடத்தான் காலைத் தூக்குனேன் டீச்சர். ‘அசையாதட்டி, நான் பாத்துக்கிடுதேன்’னு இவுக சத்தம் போட்டாவ. அதான் வச்சுட்டேன்.”